பக்கத்து வீட்டுக்குக் காய்த்த தென்னை

உச்சிப்புளியில் எங்கள் வீட்டுத் தென்னைக்கு வேர் எங்கள் மண்ணில், தலை பக்கத்து வீட்டு அண்ணன் கொல்லையில். கடலோரத்து மணல் தரை, ஆணிவேர் இல்லாத மரம். கச்சான் காற்று தள்ளித் தள்ளி அந்தப் பக்கமே சாய்ந்து வளர்ந்துவிட்டது. விழுகிற காய் எல்லாம் அங்கேதான். பத்து வருஷத்தில் அந்த வீட்டில் சட்னிக்குத் தேங்காய் வாங்கி நான் பார்த்ததில்லை. அதுவரைக்கும் மரம் சாய்ந்திருப்பது அண்ணன் கண்ணில் படவே இல்லை.

போன புரட்டாசியில் காய்ப்பு நின்றது. மறு வாரமே மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. "தம்பி, உங்க மரம் எங்க வீட்டு மேல விழுந்துரும் போலருக்கே!"

அவர் சொன்னதும் தப்பில்லை. நடுக்குருத்து வாடியிருந்தது. தண்டில் சின்னச் சின்ன ஓட்டைகள், அதிலிருந்து பழுப்பாக ஒரு நீர் வடிந்தது. "மரத்துக்கு வேர்க்குது"ன்னு அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். மரமேறியைக் கூப்பிட்டோம். அவர் தண்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னையும் வைக்கச் சொன்னார். உள்ளே கறுக் முறுக் என்று சத்தம். கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுக்குகிற மாதிரியே இருந்தது. "சிவப்புக் கூன்வண்டு, தம்பி. புழு குடும்பத்தோட சாப்பிட்டுக்கிட்டு இருக்கு" என்றார். மேலே ஏறிக் குருத்தை இழுத்தார், கையோடு வந்துவிட்டது. தென்னைக்கு அந்த ஒரு குருத்துதான் உயிர். வேம்பு மாதிரி பக்கத்தில் துளிர்க்காது. ஐப்பசி மழையும் வாடைக் காற்றும் தொடங்குவதற்குள் மரத்தை இறக்கிவிடச் சொன்னார்.

இந்த இடத்தில் சின்ன மாமா வருகிறார். முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். கயிறு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், வீட்டுக்குள் வந்துவிடுவார். "அடியில ஒரே வெட்டு. பத்துப் பேரு இந்தப் பக்கம் இழுத்தா வலை மாதிரி வந்துரும்."

"சாஞ்ச மரம் சாஞ்ச பக்கம்தான் போகும், மாமா. மேலேருந்து துண்டு துண்டாத்தான் இறக்கணும்" என்றார் மரமேறி. ஒவ்வொரு துண்டையும் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை இன்னொரு மரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெதுவாக விட வேண்டுமாம். மாமாவுக்கு மனசே இல்லை. ஆனாலும் கயிறு விடுகிற வேலையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு லைன்மேன் வந்து மதிலோரம் போன கம்பியில் மின்சாரத்தை நிறுத்தினார். கீழே நின்ற எல்லோரையும் விரட்டிவிட்டு, காலில் தளைக்கயிறும் இடுப்பில் வடமுமாக மரமேறி ஏறினார். மட்டைகள் ஒழுங்காக இறங்கின. கொண்டையைக் கட்டும்போது மேலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கயித்த வேம்புல சுத்துங்க!"

வேம்பு பத்தடி தள்ளி இருந்தது. மாமாவின் நங்கூரக் கயிறு அவ்வளவு தூரம் எட்டவில்லை. பக்கத்தில் முருங்கை நின்றது. "படகையே நிறுத்துற கயிறு" என்று சொல்லிக்கொண்டே அதில் சுற்றினார். கயிறு சரிதான். முருங்கையைப் பற்றித்தான் யாரும் யோசிக்கவில்லை.

கொண்டை வெட்டுப்பட்டுத் தொங்கிய அடுத்த நொடி, மடக்! முருங்கை இடுப்போடு முறிந்து எங்கள் குளியலறை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் படுத்தது. கொண்டை மதிலில் மோதி எங்கள் பக்கமே விழுந்தது. மாமா அதற்குள் வாசலில் நின்றார். யாருக்கும் காயமில்லை. அண்ணன் வீட்டில் ஓர் ஓடுகூட அசையவில்லை. மிச்சத் துண்டுகள் வேம்பின் புண்ணியத்தில் இறங்கின. அதற்கு வேறு கயிறு இரவல் வாங்கினோம்.

ஒரு துண்டைத் திண்ணையில் உட்காரப் போடலாம் என்றார் அம்மா. கூடாதாம். மக்கிய தென்னந்தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடுமாம். எல்லாவற்றையும் பிளந்து எரித்தோம். மூன்று நாள் வானம் பார்த்துக் குளித்தோம். முருங்கைக்கீரை மட்டும் தெருவுக்கே போனது.

கார்த்திகையில் அண்ணனே இரண்டு நெட்டைத் தென்னங்கன்றோடு வந்தார். "பழைய குழியிலயே வைங்க தம்பி, ராசியான இடம்."

தென்னைக்கும் தென்னைக்கும் 25 அடி விடச் சொல்வார்கள். நான் அதே கணக்கை மதிலுக்கும் போட்டு, அளந்து குழி வெட்டினேன். அண்ணன் மதில் மேல் கையூன்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவு தள்ளி வச்சா எங்களுக்குக் காய்..." என்று ஆரம்பித்து, எச்சில் விழுங்கி, "காத்து வராதே, தம்பி" என்றார்.