ஏசன் கிராமத்துப் பீர் ஆலை

பெல்ஜியத்தின் மேற்கு ஃபிளாண்டர்ஸ் மாகாணத்தில், டிக்ஸ்மௌடெ என்னும் சிறு நகரத்துக்கு அருகில் ஏசன் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள ‘டெ டொல்லே பிரவுவர்ஸ்’ பீர் ஆலையைப் பார்த்துவிட வேண்டும் என்று சில ஆண்டுகளாகவே எண்ணிக்கொண்டிருந்தேன். சென்ற டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கைகூடியது. கெண்ட் நகரிலிருந்து டிக்ஸ்மௌடெ வரை ரயிலில் சென்று, அங்கிருந்து வயல்களுக்கு நடுவே செல்லும் சாலையில் நடந்தேன். காரில் போகாததற்குக் காரணம் உண்டு. இந்த ஆலையின் வழக்கமான பீர்களில் ஆல்கஹால் 8 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். அவற்றைச் சுவைத்துவிட்டு வண்டி ஓட்டுவது எந்த வகையிலும் முறையாகாது.

‘டெ டொல்லே பிரவுவர்ஸ்’ என்றால் பித்துப் பிடித்த பீர்க்காரர்கள் என்று பொருள். 1835இல் தோன்றிய ஒரு பழைய கிராமத்து ஆலையை 1980இல் ஹெர்டலெயர் சகோதரர்கள் வாங்கித் தங்கள் கையாலேயே சீர்செய்து மீண்டும் இயக்கினார்கள். பெரிய நிறுவனங்கள் சிறு ஆலைகளை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இதற்குத் துணிந்தவர்களுக்கு அந்தப் பெயர் பொருத்தமானதே. அவர்களில் கிரிஸ் ஹெர்டலெயர் கட்டடக் கலைஞர், ஓவியரும்கூட. புட்டிகளின் மேல் இருக்கும் சித்திரங்கள் அவருடையவை. ஆலையின் சின்னமாக நிற்கும் மஞ்சள் நிறக் குட்டி மனிதனை உற்றுப் பார்த்தால்தான் அது ஓர் ஈஸ்ட் செல், அதாவது சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும் நுண்ணுயிர், என்பது புரிகிறது. அந்தச் சின்னத்தின் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

சுற்றிக் காட்டும்போது முதலில் மாவுத் தொட்டிக்கு அழைத்துச் சென்றார்கள். முளைகட்டிக் காயவைத்து உடைத்த பார்லி, அதாவது மால்ட், இங்கே வெந்நீரில் ஊறித் தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. அந்த இனிப்புச் சாற்றை வடித்து, செப்புக் கொப்பரையில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களோடு சேர்த்துக் கொதிக்கவிடுகிறார்கள். ஹாப்ஸ் சாகுபடிக்குப் பெயர்பெற்ற பொப்பெரிங்கே இங்கிருந்து தொலைவில்லை. செப்பைப் பார்த்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. முதல் உலகப் போரில் ஈசர் ஆற்றங்கரைப் போர்முனை டிக்ஸ்மௌடெவை ஒட்டியே இருந்தது. ஏசன் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. அவர்கள் தம் பிடியிலிருந்த பெல்ஜிய ஆலைகளின் செப்புக் கொப்பரைகளைப் போர்த் தேவைக்காகப் பிரித்தெடுத்துக்கொண்டு போனார்கள். அப்போது மூடிய கிராமத்து ஆலைகளில் பல மறுபடி திறக்கவே இல்லை.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கூரைக்குக் கீழே இருந்த ஆறவைக்கும் தொட்டி. மேற்புறம் திறந்த, அகலமான, ஆழம் குறைந்த செப்புத் தொட்டி அது. கொதித்த சாறு அதில் மெல்லிய பரப்பாகப் பரவி ஆறுகிறது. கசடு அடியில் தங்குகிறது. இன்று ஏறக்குறைய எல்லா ஆலைகளிலும் மூடிய குளிர்விப்பான் சில நிமிடங்களில் செய்து முடிக்கும் வேலையை இங்கே காற்றும் நேரமும் செய்கின்றன. தொட்டியின் விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். உலோகம் சில்லென்று இருந்தது. பல்லாண்டு தேய்ப்பில் அதன் ஓரம் மழுங்கியிருந்தது.

இந்த ஆலையின் கதையில் என்னை மிகவும் பாதித்தது ஈஸ்ட்தான். இவர்களுடைய முதல் பீரான ‘ஊர்பீர்’, அதாவது ஆதி பீர், நெடுங்காலம் ரூசெலாரே நகரத்து ரோடன்பாக் ஆலையிலிருந்து வாங்கிவந்த ஈஸ்ட்டில் நொதித்தது. அந்த ஈஸ்ட் தனித்த உயிரி அன்று. லாக்டிக் பாக்டீரியாவும் உடன் வாழும் கூட்டம். ஊர்பீரின் மெல்லிய புளிப்பு அதிலிருந்து வந்ததே. 1998இல் ரோடன்பாக் கைமாறிய பின் ஈஸ்ட் வழங்குவது நின்றுபோனது. ஒரு ஆலைக்கு ஈஸ்ட் இல்லையென்றால் அதன் சுவையே இல்லை. ஆனாலும் இவர்கள் தம்மிடம் எஞ்சியதைக் கொண்டே வளர்த்து, இன்றுவரை தொடர்கிறார்கள். பழைய ஊர்பீரை அறிந்தவர்கள் சுவை மாறிவிட்டது என்பார்கள். அதைக் குறையாக என்னால் எண்ண முடியவில்லை. அந்த உயிர் இங்கே பிழைத்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிதாகப் பட்டது.

சுவைக்கும் அறையில் முதலில் 8 சதவீத ‘அராபியர்’ வந்தது. நொதித்த பிறகும் ஹாப்ஸ் பூக்கள் சேர்ப்பதால் குவளையை மூக்கருகே கொண்டுபோகும்போதே பச்சை வாசம் எழுகிறது. அடுத்து 9 சதவீத ஊர்பீர்: கரும்பழுப்பு நிறம், பேரீச்சையும் கருப்பட்டியும் கலந்தாற்போன்ற இனிப்பு, அந்த இனிப்பு திகட்டத் தொடங்கும் முன்பே நாவின் ஓரங்களைத் தொடும் புளிப்பு.

கடைசியாக ‘ஸ்டில்லெ நாக்ட்’, அமைதியான இரவு, கிறிஸ்துமஸ் காலத்துப் பீர், 12 சதவீதம். சாற்றைப் பல மணி நேரம் கொதிக்கவிட்டு நீரை வற்றச் செய்வதால் சர்க்கரை செறிகிறது. நிறமும் அந்தக் கொதியில்தான் ஏறுகிறது. செறிந்த சர்க்கரையை ஈஸ்ட் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு ஆல்கஹால். ‘ஸ்ட்ராங்’ என்ற சொல்லைப் போதையின் அளவாக மட்டுமே கேட்டுப் பழகியவன் நான். இங்கே அதன் பொருள் அடர்த்தி என்று ஒரு மிடறிலேயே விளங்கியது. சிறு குவளையை முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. சூடு ஏற ஏற, முதலில் தேனாக இருந்தது உலர்திராட்சையாக மாறியது.

புட்டிக்குள்ளும் ஈஸ்ட் உயிரோடு இருப்பதால் இந்தப் பீர் வருடக்கணக்கில் முதிரும் என்றும், புட்டியைப் படுக்க வைக்காமல் நிற்க வைக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். இரண்டு புட்டிகள் வாங்கி வந்தேன். ஒன்று அந்தக் கிறிஸ்துமஸுக்கே திறந்தாயிற்று. மற்றொன்றின் கழுத்தில் வாங்கிய தேதியை ஒரு தாளில் எழுதிக் கட்டி, வீட்டு நிலவறையில் இருட்டான மூலையில் நிற்க வைத்திருக்கிறேன். ஐந்து ஆண்டுகள் கழித்துத் திறப்பதாக எண்ணம்.