ஹாஃப் ஈகிள் சேகரிப்பு: நான்கில் இரண்டு கைக்கு வந்தாச்சு

அமெரிக்காவின் பழைய ஐந்து டாலர் தங்கக் காசுக்கு ஹாஃப் ஈகிள் என்று பெயர். 1795 முதல் 1834 வரை பழைய எடையில் அடித்தவற்றை மட்டும் சேர்க்கிறேன். வருடத்துக்கு ஒன்று என்று போனால் இந்த ஜென்மத்தில் முடியாது. 1822ஆம் வருடக் காசில் இன்று தெரிந்தவை மூன்றே மூன்று. இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூன்றாவது 2021 ஏலத்தில் 84 லட்சம் டாலருக்குப் போனது. அதனால் வடிவத்துக்கு ஒன்று, மொத்தம் நான்கு என்று வைத்துக்கொண்டேன்.

முதலில் அமைந்தது 1803. அந்த வருடக் காசு எல்லாவற்றிலும் 3க்கு அடியில் ஒரு 2 இருக்கும். 1802க்கென்று வெட்டிய அச்சிலேயே 3ஐக் குத்தி ஓட்டியிருக்கிறார்கள். லென்ஸில் அந்த 2ஐப் பார்த்த சந்தோஷம் இன்னும் அடங்கவில்லை.

என் காசில் லிபர்ட்டியின், அதாவது சுதந்திரத்தைக் குறிக்கும் பெண் உருவத்தின், தொப்பி மேல் மெல்லிய கோடுகள் வரிசையாக ஓடுகின்றன. யாரோ கீறியது போலத் தோன்றும். உண்மையில் பிலடெல்பியா நாணயச்சாலையில் அரம் போட்ட தடம் அது. காசின் எடை 8.75 கிராம், நம் சவரனைவிடக் கொஞ்சம் கூட. உருவம் பதிக்காத வெறும் தங்க வில்லை எடை மிஞ்சினால் அச்சடிக்கும் முன்பே அராவிவிடுவார்கள். அச்சு அழுத்தும்போது சமதளத்துக் கோடுகள் பெரும்பாலும் நசுங்கி மறையும். உலோகம் முழுக்க ஏறாத மேடுகளிலும் விளிம்பிலும் தங்கிவிடும். பின்னாளில் விழுந்த கீறலோ எழுத்து, நட்சத்திரம் எதையும் விடாமல் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். அரத் தடத்துக்காக விலை குறைந்தால் தயங்காமல் வாங்கலாம். தேய்த்து மினுக்கிய காசு எந்த விலைக்கும் வேண்டாம்.

இரண்டாவது 1810, நாணயச்சாலைச் செதுக்குநர் ஜான் ரைக் வரைந்த வடிவம். ஐந்து டாலர் என்று காசிலேயே மதிப்பைப் போட ஆரம்பித்தது 1807இல் வந்த இந்த வடிவத்தில்தான்.

இப்போது தேடுவது 1813இல் தொடங்கிய வடிவம். அமெரிக்கச் சட்டப்படி ஒரு பங்கு தங்கத்துக்கு 15 பங்கு வெள்ளி, பிரான்சில் பதினைந்தரை. அதாவது அதே தங்கத்துக்கு அங்கே கூடுதல் வெள்ளி கிடைக்கும். லாபம் பார்த்தவர்கள் தங்கக் காசை ஐரோப்பாவுக்கு அள்ளிக்கொண்டுபோய் உருக்கினார்கள். 1834இல் காசின் எடையைக் குறைத்ததும், பழைய காசின் தங்கமே ஐந்து டாலரைத் தாண்டியது. எஞ்சியதிலும் பெரும்பகுதி உலைக்குப் போனது. இந்த வடிவத்தில் 1813தான் ஓரளவு கைக்கு எட்டும். ஏலத்துக்கு வந்த ஒன்றைப் போய்ப் பார்த்தேன். விளக்கடியில் சாய்த்தபோது முகம் முழுக்க ஒரே திசையில் மயிரிழைக் கோடுகள், துடைத்த அடையாளம். விட்டுவிட்டேன். அடுத்த ஏலப் பட்டியலிலும் ஒரு 1813 இருக்கிறது.