கிராண்ட் அவென்யூவில் ஒரு கல்யாணம்

2025 ஜூன் 7, சனி

‘ஃப்ளவர் டிரம் சாங்’ டிவிடி கைக்கு வந்துவிட்டது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் போட்டு, ஒரே மூச்சில் பார்த்தேன். 1961-இல் யுனிவர்சல் வெளியிட்ட படம். ஹென்றி கோஸ்டர் இயக்கம், ராட்ஜர்ஸ்–ஹாமர்ஸ்டைன் பாடல்கள். முன்பு வீடியோ கேசட்டில் பார்த்தபோது, அகலத்திரைக்கு எடுத்ததைச் சதுர டிவிக்காக இரு பக்கமும் வெட்டியிருந்தார்கள். கூட்ட நடனங்களில் ஓரத்தில் ஆடுகிறவர்களைப் பார்க்கவே முடியாது. இப்போது எல்லாரும் இருக்கிறார்கள். டைட்டிலில் வரும் டாங் கிங்மேனின் நீர்வண்ண ஓவியங்களை மட்டும் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அத்தனை அழகு.

கதை சான் பிரான்சிஸ்கோவில் சீனர்கள் வாழும் சைனாடவுனில், கிராண்ட் அவென்யூ என்ற தெருப் பக்கம் நடக்கிறது. மெய் லியும் அவள் அப்பாவும் சீனாவிலிருந்து கப்பலில் ஒளிந்து வந்து இறங்குகிறார்கள். இரவு விடுதி நடத்தும் சாமி ஃபாங்குக்கு அவளைக் கட்டிவைப்பதாக ஒப்பந்தம். ஆனால் சாமியின் மனசு விடுதியில் ஆடும் லிண்டா லோவிடம் இருக்கிறது. தப்பிக்க வழி தேடி, அப்பாவையும் பெண்ணையும் வாங் வீட்டில் கொண்டுபோய் விடுகிறான். வங்கியை நம்பாத பெரியவர் வாங். அவருடைய மூத்த மகன் வாங் டா. இனி யார் யாருக்கு என்று நமக்குத் தெரிந்துவிடும், படத்துக்கு அதைப் பற்றிக் கவலையும் இல்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று பாட்டுகளை மட்டும் பார்த்தேன். லிண்டாவாக வரும் நான்சி குவான் ஹாங்காங்கில் பிறந்தவர், லண்டனில் முறையாக பாலே படித்தவர். மூன்று கண்ணாடிக்கு முன்னால் நின்று, தான் பெண்ணாக இருப்பதைக் கொண்டாடிப் பாடும் காட்சியில் அந்தப் பயிற்சி தோளிலும் கழுத்திலும் தெரிகிறது. குரல் பி.ஜே. பேக்கருடையது. ஹெலனாக வரும் ரெய்கோ சாட்டோவுக்குப் பாடியவர், பின்னாளில் ஆபரா உலகில் பெரும்பெயர் எடுத்த மெர்லின் ஹார்ன். பின்னணிக் குரல் நமக்குப் புதிதல்ல. ஆனால் நம் ஊரில் பாடியவர் பெயர் இசைத்தட்டிலேயே இருக்கும், ரேடியோவிலும் சொல்வார்கள். அங்கே அந்தக் காலத்தில் குரலை மறைத்துவைப்பதுதான் வழக்கம்.

ஹெலனை நினைத்தால் ஆற்றாமையாக இருக்கிறது. தையல்காரி, வாங் டாவை மனசுக்குள்ளேயே விரும்புகிறவள். படத்தின் மிக ஆழமான பாட்டு அவளுடையது, அதைத் தொடரும் கனவு நடனமும் அபாரம். அதோடு சரி, படம் அவளை அப்படியே விட்டுவிடுகிறது. சி.ஒய். லீ எழுதிய 1957 நாவலில் ஹெலன் தற்கொலை செய்துகொள்கிறாள். பெண்கள் மிகக் குறைவாகவும் ஆண்கள் மிக அதிகமாகவும் இருந்த ஓர் ஊரின் தனிமையைப் பேசும் நாவல் அது. படமாகும் முன் அது இசை நாடகமாக மேடைக்கு வந்தபோதே அந்தத் தனிமையைத் துடைத்துவிட்டார்கள். பாட்டில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கிறது.

ஜூன் 11, புதன்

முகங்களைப் பற்றி எழுத வேண்டும். மெய் லியாக வரும் மியோஷி உமேகி ஜப்பானில் பிறந்தவர். ‘சயோனாரா’வுக்காக ஆஸ்கர் வாங்கியவர். வாங் டாவாக வரும் ஜேம்ஸ் ஷிகேட்டா ஹவாயில் பிறந்த ஜப்பானிய வம்சாவளி. பெரியவர் வாங்கின் மைத்துனி மேடம் லியாங்காக வரும் ஹுவானிடா ஹால் கறுப்பினத்தவர். சாமி ஃபாங்காக வரும் ஜாக் சூவின் இயற்பெயர் கோரோ சுசுகி. இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு அவரை யூட்டாவின் டோபாஸ் முகாமில் அடைத்தது. இந்தப் படத்தில் மிக லேசாக, மிக உல்லாசமாக இருப்பவர் அவர்தான்.

சீனப் பாத்திரங்களுக்குச் சீனர்களைத் தேடியிருக்க வேண்டும் என்பது நியாயமான குறை. ஆனாலும் ஷிகேட்டா போன்ற ஒருவர் ஹாலிவுட் படத்தில் காதலனாக, கதாநாயகனாக, சொந்தக் குரலில் பாடுவது அன்றைக்குச் சின்ன விஷயமில்லை. ஆசிய அமெரிக்க முகங்களே நிறைந்த இன்னொரு பெரிய ஹாலிவுட் படத்துக்கு 1993 வரை, ‘ஜாய் லக் கிளப்’ வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு திறமையை வைத்துக்கொண்டு அந்த முப்பது வருடத்தை வீணாக்கினார்களே என்று கோபம்தான் வருகிறது.

ஜூன் 14, சனி

மெய் லிக்கும் சாமிக்கும் நடக்கவிருக்கும் கல்யாணக் காட்சியை மறுபடி பார்த்தேன். மெய் லி ராத்திரி டிவியில் பார்த்த ஒரு பழைய படத்திலிருந்து யோசனை எடுத்துக்கொள்கிறாள். மணமேடையில் எல்லார் முன்னிலையிலும், நான் இந்த நாட்டுக்குள் திருட்டுத்தனமாக வந்தவள் என்று ஒப்புக்கொள்கிறாள். சாமியின் அம்மாவுக்கு அப்படிப்பட்ட மருமகள் வேண்டாம், ஒப்பந்தம் ரத்து. இரண்டு ஜோடிகளும் விரும்பியபடி சேர்கின்றன. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

சிரித்தபிறகு யோசித்தால் கலங்குகிறது. 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்கள் வருவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. சீனாவிலிருந்து வந்தவர்கள் குடியுரிமை பெறவும் வழியில்லை. 1943-இல் தடை நீங்கியபோதும் ஆண்டுக்கு 105 பேருக்குத்தான் இடம். அதனால் அமெரிக்கக் குடியுரிமை உள்ள வேறொருவர் மகன் என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். 1906 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் சான் பிரான்சிஸ்கோவின் பிறப்புப் பதிவுகள் எரிந்துபோனதால், இங்கேயே பிறந்த குடிமகன் என்று சொன்னால் மறுக்க ஆதாரமில்லை. அதுவும் இதற்கு உதவியது. 1956-இல் அரசு ஒரு ஒப்புதல் திட்டம் கொண்டுவந்தது: உண்மையைச் சொல்லுங்கள், முடிந்தால் இங்கேயே இருக்க வழி செய்கிறோம் என்றது. 13,000-க்கும் மேற்பட்டோர் ஒப்புக்கொண்டார்கள். ஒருவர் வாய் திறந்தால் அப்பா, சித்தப்பா, அண்ணன் என்று குடும்பமே மாட்டிக்கொள்ளும். படம் வெளியான வருடமும் அந்தத் திட்டம் நடந்துகொண்டுதான் இருந்தது. தியேட்டரில் உட்கார்ந்திருந்த சைனாடவுன்காரர் ஒருவர் அந்த வசனத்தை எப்படிக் கேட்டிருப்பார்?

மேடம் லியாங் குடியுரிமை வாங்கியதைக் கொண்டாடும் விருந்தும் இப்போது வேறு மாதிரித் தெரிகிறது. அதை வெறும் ஆட்டபாட்டமாக எடுத்துக்கொண்டிருந்தேன். படம் வருவதற்குப் பதினெட்டு வருடம் முன்புவரை அந்த அம்மாவுக்குச் சட்டம் தராத ஒன்று அது. ஹுவானிடா ஹால் அந்தக் காட்சியில் எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறார் பாருங்கள்.

இந்தச் சட்டங்களைப் பற்றிப் படத்தில் ஒரு வார்த்தை கிடையாது. மெய் லியின் ஒப்புதல் மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. உமேகி அதைக் கொஞ்சமும் வேடிக்கையாக்காமல், தலை குனிந்து, பயந்த குரலில் சொல்கிறார். மற்ற எல்லாரும் நகைச்சுவைப் படத்தில் நடித்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் உண்மையாகவே பிடிபடப்போகிறவள்போல நிற்கிறார். எனக்கு இந்தப் படம் பிடித்திருப்பது அதனால்தான்.