ஏழாவது நம்பர்

போன மாசம் எஞ்சின்னப் பொண்ணோட ஸ்கூல் ஜோனல்ஸ், அதாவது வட்டார ஓட்டப் போட்டி. தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லவே வேணாம், ஜோனல்ஸ்னா காலைல ஆறரைக்கே மடக்கு சேரு, கூலர் பாக்ஸு, முந்தின நாள் ராத்திரி சுட்டு வச்ச சில்லி பைட்ஸு எல்லாத்தையும் தூக்கிட்டுப் போயி நெழல் எடம் புடிச்சிரணும், இல்லன்னா டர்பன் வெயில் மண்டைய பொளந்துரும். நம்ம ஊர் பக்கோடாவுக்குத்தான் இங்க சில்லி பைட்ஸ்னு பேரு. வந்து பதினேழு வருஷம் ஆச்சு, எனக்கும் அதுவே வாயில வருது.

பதிமூணு வயசுக்குள்ள பொண்ணுங்க 800 மீட்டர். எம்பொண்ணு ரெண்டாவது வந்தா. மொதல்ல வந்தது உம்லாசியிலருந்து நம்ம பக்கத்து ஸ்கூலுக்கு டாக்ஸி புடிச்சு வந்து படிக்கிற ஒரு பொண்ணு. நல்ல உயரம், தோள் அகலம், கால்ல ஷூ கெடையாது, வெறுங்கால்லயே ஓடுச்சு. முடி ஒட்ட வெட்டியிருந்துச்சு, அது இங்க ஆப்பிரிக்கப் பொண்ணுங்க நெறைய பேருக்கு ஸ்கூல் வெட்டுதான், அதுல ஒண்ணும் இல்ல. கடைசி எரநூறு மீட்டர்ல எம்பொண்ணுக்கு முன்னாடி பதினஞ்சு மீட்டர் எடுத்துருச்சு. பாக்க அவ்ளோ அழகு.

எனக்குப் பின்னாடி சேர்ல ஒரு அம்மா. நம்ம ஆளுதான், கோயில்ல பாப்போம், காவடிக்கு ஒண்ணா பால்குடம் எடுத்திருக்கோம். "இது பொண்ணா?"ன்னு சத்தமாவே கேட்டாங்க. பக்கத்துல ஒருத்தி "இன்னொரு காஸ்டர்"னு சொல்லி சிரிச்சா. காஸ்டர் செமென்யாதான், பொண்ணான்னு சந்தேகப்பட்டு டெஸ்ட் பண்ண இந்த நாட்டு ஓட்டக்காரி. அதோட விட்டிருந்தா பரவால்ல, அந்தம்மா எந்திரிச்சு நேரா டேபிளுக்குப் போயி, இப்பல்லாம் உலகத்துலயே டெஸ்ட் வச்சுத்தான் விடுறாங்களாம், நீங்க என்ன பாத்து சேத்தீங்கன்னு டீச்சர்கிட்ட போன காட்டிப் பேச ஆரம்பிச்சிட்டாங்க. அந்த டீச்சர் ஒண்ணுமே பேசல, என்ட்ரி ஃபைல தொறந்து அந்தப் பொண்ணோட பர்த் சர்டிபிகேட் காப்பில ஐடி நம்பர் மேல வெரல வச்சு காட்டினாரு. தென்னாப்பிரிக்கா ஐடில 13 எண், மொத ஆறும் பொறந்த தேதி, ஏழாவது எண் 0லருந்து 4க்குள்ள இருந்தா பொண்ணு, 5லருந்து 9னா பையன். இருந்தது 0. "அடுத்த ரேஸ்"னாரு, ஃபைல மூடிட்டாரு.

நான் அப்ப என்ன பண்ணேன்னா ஒண்ணும் பண்ணல. அதச் சொல்லத்தான் இதையே எழுதுறேன். ஒண்ணும் பண்ணலங்கறதுகூட பொய்தான், அந்தப் பொண்ணு மூச்சு வாங்கிக்கிட்டு எங்க கேம்ப்ப தாண்டி தண்ணி குடிக்கப் போகும்போது நானும் பாத்தேன். நெஞ்சப் பாத்தேன், கழுத்தப் பாத்தேன், காலப் பாத்தேன். பன்னெண்டு வயசுக் கொழந்த அது. அதுக்கு யாரு பாக்குறா, எதுக்குப் பாக்குறான்னு தெரியாமலா இருக்கும்.

வெக்கமா இருந்ததுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. நான் புதுக்கோட்டைக்காரி, ஆலங்குடிப் பக்கம். ஸ்கூல்ல நானும் 800 ஓடுனவதான், பெருசா ஒண்ணும் கிழிக்கல, மாவட்டத்தோட சரி. எங்க மாவட்டத்துல கத்தக்குறிச்சின்னு ஒரு ஊரு, அங்கருந்து வந்தவங்கதான் சாந்தி சௌந்தரராஜன். அப்பா அம்மா செங்கச் சூளைல வேல பாத்தவங்க. 2006 டிசம்பர்ல தோஹா ஆசிய விளையாட்டுல 800ல வெள்ளி வாங்குனாங்க, அன்னிக்கி எங்க தெருவே டிவி முன்னாடி இருந்துச்சு, எங்கப்பா என்னமோ நானே ஓடுன மாதிரி கடைக்குப் போயி மிட்டாய் வாங்கியாந்தாரு. சில நாள்ல டெஸ்ட்ல தோத்துட்டாங்கன்னு நியூஸ், மெடல புடுங்கிட்டாங்க. ஊக்க மருந்து டெஸ்ட் இல்ல, பொண்ணா இல்லையாங்கற டெஸ்ட். என்ன டெஸ்ட்டுன்னுகூட ஒழுங்கா சொல்லலன்னு அவங்களே பின்னாடி பேட்டிகள்ல சொல்லியிருக்காங்க. அப்ப முதலமைச்சரா இருந்த கருணாநிதி 15 லட்ச ரூபாயும் ஒரு டிவியும் குடுத்தாரு, அது ஒண்ணுதான் அந்த நேரத்துல நடந்த நல்லது. 2012ல அதே சாந்தி செங்கச் சூளைல ஒரு நாளைக்கி 200 ரூபாய்க்கு வேல பாக்குறாங்கன்னு போட்டோவோட நியூஸ் வந்துச்சு. பின்னாடி கோச்சிங் படிச்சு, தமிழ்நாட்டுல கோச் ஆனாங்க, நல்ல வேள. ஆனா மெடல் திரும்பி வரவே இல்ல.

2006ல அந்த டெஸ்ட் நியூஸ் வந்தப்ப எங்க தெருவுல பேசுன பேச்சு இருக்கே, "அப்பவே நெனச்சேன்", "கொரலக் கேட்டாலே தெரியல?". அதே பேச்சு, அதே இளிப்பு, 2026ல, கடல் தாண்டி சாட்ஸ்வொர்த் கிரவுண்ட்ல, எனக்குப் பின்னாடி சேர்ல.

நான் இந்த ஊருக்கு வந்த அடுத்த வருஷம், 2009 ஆகஸ்ட்டு, பெர்லின்ல காஸ்டர் செமென்யா ஓடுனது. லிம்போபோ கிராமத்துப் பொண்ணு, 18 வயசு, 1:55.45, ரெண்டாவது வந்தவங்களுக்கும் அவங்களுக்கும் ரெண்டு செகண்டுக்கு மேல வித்தியாசம். 800ல ரெண்டு செகண்டுன்னா ஓடுனவங்களுக்குத்தான் தெரியும் அது எவ்ளோன்னு. ஃபைனல் அன்னிக்கே, ஓடுறதுக்கு முன்னாடியே, உலக தடகள சங்கம் பாலின டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்குன்னு வெளிய தெரிஞ்சிருச்சு. இங்க நாட்டு தடகள சங்கத் தலைவர் சூனே மொதல்ல டெஸ்ட்டே நடக்கலன்னாரு, அப்புறம் நான் பொய் சொன்னேன்னு ஒத்துக்கிட்டாரு. எங்க பக்கத்து வீட்டு ஆயா, மூணாவது தலமுற, அவங்க பாட்டன் கரும்பு வெட்ட கப்பல்ல வந்தவரு, தமிழ் கொஞ்சம் ஒடஞ்சு ஒடஞ்சுதான் வரும், அவங்க டிவியப் பாத்துக்கிட்டே கேட்டாங்க, "ஓடி ஜெயிச்ச புள்ளைய ஏம்மா துணி அவுத்துப் பாக்கணும்கறாங்க?" எனக்குப் பதில் வரல. ஆயா போயி சேந்துட்டாங்க, எனக்கு இன்னும் முழுப் பதில் வரல.

இங்க ஒண்ணத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா எல்லாரும் போட்டுக் கொழப்புறாங்க. செமென்யாவும் சாந்தியும் திருநங்கைங்க இல்ல. பொண்ணாவே பொறந்து பொண்ணாவே வளந்தவங்க, ஒடம்புக்குள்ள இருக்கற அமைப்பு வேற மாதிரி. திருநங்கைங்க பெரும்பாலும் ஆணா வளந்து பருவம் தாண்டி, அப்புறம் பொண்ணா மாறுறவங்க. ரெண்டும் வேற வேற விஷயம். ஆனா விளையாட்டுல சண்டன்னு வந்தா ரெண்டு பேரையும் ஒரே மூட்டைல கட்டிருவாங்க. இதுல கூத்து என்னன்னா திருநங்கைங்கள தடுக்கணும்னு கெளப்புற பேச்சு, கடைசில வந்து விழறது பாக்க "பொண்ணு மாதிரி இல்லாத" ஏதோ ஒரு கிராமத்துப் பொண்ணு தலைல.

அதுக்காக வித்தியாசமே இல்லன்னு சொல்ற ஆளு நான் இல்ல. சில பேரு அப்படி சொல்றாங்க, அவங்க டிராக்ல கால் வச்சதில்லன்னு தோணும். 800ல ஆண்கள் உலக சாதனை ருடிஷாவோட 1:40.91, லண்டன் 2012. பெண்கள்ல க்ராடோச்விலோவாவோட 1:53.28, 1983லருந்து இன்னும் ஒருத்தரும் ஒடைக்கல, அதுல ஊக்க மருந்து இருக்குமோன்னு ஆயிரம் சந்தேகம் இருக்கு, அது வேற கத. கணக்குப் போட்டா 12 சதவீதம். ருடிஷா கோட்டத் தொடும்போது அவங்க 85 மீட்டருக்கு மேல பின்னாடி வந்துக்கிட்டிருப்பாங்க. இது பயிற்சியால வர்றது இல்ல, பருவத்துல டெஸ்டோஸ்டிரோன்ங்கற ஆண் ஹார்மோன் பண்ற வேல, எலும்பு, இதயம், தச, ரத்தத்துல ஹீமோகுளோபின் எல்லாமே. அப்புறம் அதக் கொறைக்க மாத்திர சாப்புட்டா ஹீமோகுளோபின் சில மாசத்துல எறங்கிருது, ஆனா தச அவ்ளோ சீக்கிரம் எறங்கல, உயரம் எறங்கவே எறங்காது. அமெரிக்க விமானப்படைல வேல பாத்த திருநங்கைங்கள வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, ஹார்மோன் எடுத்து ரெண்டு வருஷம் ஆன பிறகும் ஓட்டத்துல மத்த பொண்ணுங்களவிட 12 சதவீதம் வேகமா இருந்தாங்க. அதனால பெரிய லெவல்ல, ஒலிம்பிக்ஸ், உலகப் போட்டில ஆண் பருவம் தாண்டி வந்தவங்க பெண்கள் பிரிவுல ஓடக்கூடாதுன்னு உலக தடகளம் 2023ல முடிவு எடுத்தப்ப எனக்கு அது சரின்னுதான் பட்டுச்சு. இப்பவும் அப்படித்தான்.

இத நான் எந்த தைரியத்துல சொல்றேன்னா, எனக்குத் தெரிஞ்ச ஒரு திருநங்கை இருக்காங்க, சனிக்கிழம காலைல நார்த் பீச் பார்க்ரன்ல பாப்போம். அஞ்சு கிலோமீட்டர், காசு கெடையாது, பார்கோடு காட்டிட்டுப் போக வேண்டியதுதான். கடலோரமா ஓடிட்டு அப்புறம் காபி. அவங்ககிட்ட இதையே கேட்டேன், மனசு நோகுமோன்னு பயந்துக்கிட்டுத்தான். சிரிச்சாங்க. நான் ஒண்ணும் மாநில டீமுக்கு ஓடப் போறதில்ல, நாப்பத்தஞ்சு வயசுல முட்டி வலிக்குதுன்னாங்க. அப்புறம் ஒண்ணு சொன்னாங்க, அது இன்னும் மனசுல கெடக்கு. எப்பயாச்சும் சின்ன ஊர் பார்க்ரன் போனா, கூட்டம் கம்மியா இருக்கும், அங்க முடிக்கிற கோட்டுக்கிட்ட வரும்போது முன்னாடி எத்தன பொண்ணுங்க போயிருக்காங்கன்னு எண்ணிப் பாப்பாங்களாம், யாரும் போகலன்னா ஷூ லேஸ் கட்டுற மாதிரி குனிஞ்சிருவாங்களாம். ஒருத்தி தாண்டிப் போற வரைக்கும். "மொத பொண்ணுன்னு ரிசல்ட்ல வந்துட்டா அன்னிக்கு நைட்டு எவனாவது என் போட்டோவ தேடுவான்"னாங்க. யாரும் கேக்காமலே லேஸ் கட்டுறாங்க பாருங்க.

செமென்யா விஷயத்துல ஆரம்பத்துல ஒரு பக்கம், அப்புறம் இன்னொரு பக்கம்னு மாறி மாறித்தான் இருந்திருக்கேன். 2010லருந்து அஞ்சு வருஷம் டெஸ்டோஸ்டிரோன கொறைக்க கருத்தட மாத்திர சாப்புட்டு ஓடுனவங்க அவங்க, கொமட்டல், வயித்து வலின்னு அவங்களே சொல்லியிருக்காங்க, நோயே இல்லாம நோயாளியா ஓடணும். 2015ல நம்ம ஒடிசா ஓட்டக்காரப் பொண்ணு டூட்டி சந்த் கேஸ் போட்டு அந்த டெஸ்டோஸ்டிரோன் விதிய நிறுத்தி வச்சாங்க, 2016 ரியோல செமென்யா திரும்ப தங்கம். 2018ல டெஸ்டோஸ்டிரோன கொறைச்சுட்டுத்தான் ஓடணும்னு புது விதி வந்துச்சு, அதுவும் 400லருந்து ஒரு மைல் வரைக்கும் மட்டும். அவங்க ஓடுற தூரத்துக்கு அளவெடுத்துத் தச்ச சட்ட மாதிரி. 2019ல விளையாட்டு நீதிமன்றம் 2க்கு 1ன்னு தீர்ப்பு சொல்லிச்சு, இது பாகுபாடுதான், ஆனா தேவையான பாகுபாடுன்னு. அந்த ஒரு வரிய எத்தன தடவ படிச்சாலும் எனக்கு ரெண்டு பக்கமும் நியாயமாத்தான் தெரியுது, அதான் பிரச்சன. 2025 ஜூலைல ஐரோப்பிய மனித உரிம நீதிமன்றம் அவங்க மேல்முறையீட்டுக்குப் போன சுவிஸ் கோர்ட்ல கேஸ ஒழுங்கா விசாரிக்கலன்னு சொல்லிச்சு. அதுக்குள்ள அவங்களுக்கு 34 வயசு. ஓடுற வயசெல்லாம் கோர்ட் வாசல்ல போச்சு.

2025 செப்டம்பர்லருந்து உலகப் போட்டில பெண்கள் பிரிவுல ஓடணும்னா ஒரே ஒரு தடவ ஜீன் டெஸ்ட், கன்னத்து உள்பக்கம் பஞ்சால தேச்சு எடுக்கறது, ஆண் வளர்ச்சிய ஆரம்பிச்சு வைக்கற எஸ்ஆர்ஒய் ஜீன் இருக்கான்னு பாக்க. புதுசு மாதிரி பேசுறாங்க, புதுசு இல்ல. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ்ல இதே மாதிரி டெஸ்ட்ல 8 பொண்ணுங்களுக்கு பாசிட்டிவ் வந்துச்சு, 8 பேரையும் விசாரிச்சு ஓட விட்டாங்க, அப்புறம் 1999ல இது சரிவரலன்னு நிறுத்திட்டாங்க. அந்த ஜீன 1990ல கண்டுபிடிச்ச ஆண்ட்ரூ சின்க்ளேரே இத இப்படி யூஸ் பண்ணாதீங்கன்னு சொல்றாரு. இருந்தாலும் நான் கேட்டா என்ன சொல்லுவேன்னா, கிரவுண்ட்ல கண்ணால டெஸ்ட் பண்றதவிட பஞ்சு தேவல. பூட்டின ரூம்ல ஒரு டாக்டர், ரிசல்ட் அவளுக்கு மட்டும், என்ன டெஸ்ட், எதுக்கு, வந்தா அடுத்து என்னன்னு அவ பாஷைல முன்னாடியே சொல்லணும். சாந்திக்கு இதுல ஒண்ணுகூட நடக்கல. ஆனா அது உலக லெவலுக்கு. ஸ்கூல் ஜோனல்ஸுக்கு எதுக்கு? பன்னெண்டு வயசுல ஒருத்தி சீக்கிரமா வளருவா, ஒருத்தி லேட்டா வளருவா, அவ்ளோதான் அங்க நடக்கறது.

டீச்சர் காட்டின ஏழாவது நம்பரும் இதுக்கெல்லாம் பதில் இல்லன்னு எனக்குத் தெரியும். 2003ஆம் வருஷத்துச் சட்டப்படி இங்க டாக்டர் ரிப்போர்ட் குடுத்து பதிவ மாத்தலாம், நம்பரும் மாறும். பேப்பர் வேற, ஒடம்பு வேற. ஆனா அன்னிக்கி அந்த ஃபைலு ஒரு கொழந்த மேல போட்ட துண்டு மாதிரி இருந்துச்சு, அதுவே போதும்.

ரெண்டு வாரம் கழிச்சு டிஸ்ட்ரிக்ட்ஸ். மொத ரெண்டு பேரு போகணும், எம்பொண்ணும் அந்தப் பொண்ணும். அவங்கம்மாவுக்கு அன்னிக்கி டியூட்டியாம், டீச்சர் போன் பண்ணி கார்ல எடம் இருக்கான்னு கேட்டாரு. கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் ரெண்டும் ஒரே போன்ல என்னமோ பாத்து சிரிச்சுக்கிட்டு வந்துச்சுங்க. அன்னிக்கி நடந்தது அதுக்குத் தெரியுமான்னு கண்ணாடில பாத்து பாத்து வந்தேன், கேக்க வாய் வரல. அதுவே பேசுச்சு. "ஆன்ட்டி, இவ மொத வளைவுல வெளிப்பக்கமே ஓடுறா, சும்மா நாலஞ்சு மீட்டர் வேஸ்ட்டு, உள்ள வரச் சொல்லுங்க"ன்னுச்சு. இதையேதான் நானும் மூணு மாசமா சொல்றேன், எம்பேச்ச எவ கேக்குறா.

மொத சுத்து ஹீட்ஸ்லயே ரெண்டு பேரும் அவுட். எம்பொண்ணு ஏழாவது. அந்தப் பொண்ணு ஆறாவது, வேற ஸ்கூல் குட்டைப் பொண்ணு ஒருத்தி, காத்துல அடிச்சுட்டுப் போயிருவா போல இருந்தா, அவ முன்னாடி முப்பது மீட்டர் எடுத்துட்டா. சிந்தெடிக் டிராக் தீயா கொதிச்சுச்சு, வெறுங்கால்ல ஓடி அதுக்கு பெருவெரல் கொப்புளிச்சுருச்சு. கூலர் பாக்ஸ்ல இருந்த ஐஸ துணில சுத்திக் குடுத்தேன். புல்லுல கால நீட்டி உக்காந்துக்கிட்டு சில்லி பைட்ஸ் டப்பாவ மொத்தமா காலி பண்ணிட்டு, இன்னும் இருக்கா ஆன்ட்டின்னுச்சு.