இன்னொரு நாள் கூப்பிடுறேன் சார்

தென்மாவட்டங்களில் வெள்ளம் வந்த அந்த வாரம் என்ன சண்டை நடந்தது என்பது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் மழை. அந்தப் பக்கம் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு கிடையாது. வானிலை மையம் சரியாக எச்சரிக்கவில்லை என்றது மாநில அரசு. 12ஆம் தேதியே சொல்லிவிட்டார்கள் என்றார் ஒன்றிய நிதியமைச்சர். இரண்டு தரப்புக்கும் நடுவே 'காலநிலை மாற்றம்' என்ற சொல் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கிற மாதிரிக் கிடந்தது.

தொலைக்காட்சி விவாதத்துக்கு ஆள் பிடிப்பது என் வேலை. வளிமண்டல அறிவியல் சொல்லிக்கொடுக்கும் பேராசிரியர் ஒருவரைக் கூப்பிட்டேன். "இந்த மழைக்குக் காலநிலை மாற்றம்தான் காரணமா சார்? ஆமாவா, இல்லையான்னு சொன்னா போதும்."

"அப்படிக் கேட்டா நான் வரலம்மா. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் ஏழு சதவீதம் கூடுதலா ஈரம் பிடிக்கும். அதைச் சொல்லலாம். இந்த ஒரு மழையில அதோட பங்கு எவ்வளவுன்னு ஆய்வு பண்ணாம எப்படிச் சொல்றது?"

"சரி சார், இன்னொரு நாள் கூப்பிடுறேன்."

எங்கள் துறையில் இதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். உடனே "சரிம்மா" என்று வைத்துவிட்டார். வருத்தப்பட்டாரா, தப்பித்தோம் என்று நினைத்தாரா, குரலில் பிடிபடவில்லை. அவர் இடத்தில் நான் உட்கார வைத்த ஓய்வுபெற்ற பொறியாளர், "காலநிலையாவது மாற்றமாவது, குளத்தையும் வாய்க்காலையும் பாத்தீங்களா?" என்று ஒரே போடாகப் போட்டார். நிகழ்ச்சி நன்றாகப் போனது.

அந்தப் பொறியாளர் சொன்னதில் பொய் இல்லை. கோரம்பள்ளம் குளம் உடைந்து தண்ணீர் தூத்துக்குடிக்குள் புகுந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் ரயிலிலேயே மாட்டிக்கொண்டார்கள். மொட்டை மாடியில் நிற்கிற ஒருவருக்கு ஏழு சதவீதக் கணக்கு எதற்கு? குளம் ஏன் உடைந்தது என்றுதான் அவர் கேட்பார். நான் அவர் பக்கம் நின்றேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சில நாள் நம்பவும் செய்கிறேன்.

காலநிலை மாற்றத்தை மறுப்பவரை 'சமநிலை'க்காக உட்கார வைக்கலாமா என்று வெளிநாட்டில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. 2017இல் பிரிட்டனின் முன்னாள் நிதியமைச்சரும் மறுப்பாளருமான நைஜல் லாசனைப் போதிய எதிர்க்கேள்வி இல்லாமல் பேசவிட்டதற்காக பிபிசியை அங்கிருக்கும் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2018இல் கண்டித்தது. மறுப்பாளர் கட்டாயமில்லை என்று அதே வருஷம் பிபிசி தன் ஊழியர்களுக்குச் சொன்னது. படிக்க நன்றாக இருக்கிறது. எங்கள் ஸ்டுடியோவில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இங்கே பூமி சூடாகவில்லை என்று வாதாட யாரும் வருவதில்லை. பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் இருப்பவர்தான் முதல் ஆளாக "காலநிலை மாற்றம்ங்க" என்கிறார். கோபத்தில் அதைத் தள்ளிவிடுபவர் ஏரி, வாய்க்கால், ஆக்கிரமிப்பு என்று உருப்படியாகப் பேசுகிறார். இதில் நான் யாரை மறுப்பாளர் என்று ஒதுக்குவது?

2015ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அந்த டிசம்பர் 1 மழையை ஆராய்ந்த சர்வதேசக் குழு ஒன்று, புவி வெப்பமடைதலின் தடம் அதில் தெரியவில்லை என்றுதான் 2016இல் எழுதியது. காற்றிலிருக்கும் மாசுத் துகள்கள் அந்த விளைவை இதுவரை மட்டுப்படுத்தியிருக்கலாம் என்ற விளக்கத்தோடு. செம்பரம்பாக்கத்திலிருந்து தண்ணீர் திறந்த விதத்தைக் குற்றம் சாட்டிய தணிக்கைத் துறை அறிக்கை 2018இல் சட்டமன்றத்துக்கு வந்தது. அதாவது, "இயற்கை செய்தது" என்று அன்று சொன்னவர்களை விட, ஏரியைக் காட்டிக் கத்தியவர்கள்தான் ஆதாரத்துக்குப் பக்கத்தில் இருந்தார்கள். தெரியவில்லை என்று ஓர் ஆய்வு சொன்னால் இல்லவே இல்லை என்று பொருளாகாது. இதையும் அந்தப் பேராசிரியர் மாதிரி ஒருவர்தான் வந்து சொல்ல வேண்டும். அவரைத்தான் நான் 'இன்னொரு நாள்' பட்டியலில் வைத்திருந்தேன்.

அந்த நாளும் வந்தது. 2024இல் ஃபெஞ்சல் புயல். ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், திருவண்ணாமலையில் மண்சரிவு, சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி. முன்னறிவிப்பு இல்லாமல் திறந்தார்கள் என்றன எதிர்க்கட்சிகள், ஐந்து முறை எச்சரித்தோம் என்றது அரசு. வசனம் பழையதுதான், அணை மட்டும் வேறு. இந்த முறை ஆமா, இல்லை எதுவும் கேட்காமல் பேராசிரியரை அழைத்தேன். வந்தார். வெப்பம் கூடினால் கனமழை வலுக்கும் என்பது வேறு, இந்த மழைக்கு அதுதான் காரணம் என்பது வேறு என்று பொறுமையாக விளக்கினார். நெறியாளர் குறுக்கே புகுந்தார்: "ஆக, காலநிலை மாற்றம்தான் காரணம்கிறீங்க." அவர் வாயைத் திறப்பதற்குள் விளம்பர இடைவேளை. இடைவேளை முடிந்து வந்தபோது திரையின் கீழே அதுவே ஓடிக்கொண்டிருந்தது, அவர் பெயரோடு.

இரவு அவரிடமிருந்து வாட்ஸ்அப்: "நன்றி. நான் சொன்னது அது இல்லை."

அவரைக் கூப்பிடாமல் விட்டபோது அவர் சொல்லாத எதுவும் அவர் பெயரில் போகவில்லையே என்று அன்று தோன்றியது. அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. கூப்பிட்டதால்தானே அந்த இரண்டு நிமிட விளக்கமாவது ஒளிபரப்பானது? யாராவது ஒருவர் முழுதாகக் கேட்டிருக்க மாட்டாரா? கீழே ஓடியதைத்தான் நிறைய பேர் படித்திருப்பார்கள் என்பது என் அனுபவம்.

அந்த வாட்ஸ்அப்பை மறுநாள் செய்தி ஆசிரியரிடம் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "அவர் சொன்னதை ஆறு சொல்லுல எழுதிக் கொடும்மா, அடுத்த தடவை அதையே போடுறேன்" என்றார். நியாயமான கோரிக்கைதான். நானும் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'மழையைக் கூட்டியது வெப்பம், வெள்ளமாக்கியது நிர்வாகம்' என்று வந்தது. ஐந்து சொல்தான். முதல் பாதிக்குப் பேராசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். இரண்டாம் பாதிக்குச் செய்தி ஆசிரியரே ஒத்துக்கொள்ளவில்லை.