இரண்டு கேபிள், ஒரு கேட்வே

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. உற்பத்திப் பிரிவு மேலாளர் கூப்பிட்டார். அவர் கணினியில் அலுவலக நெட்வொர்க் இருந்தது: மெயில், பிரிண்டர், இணையம். இயந்திரங்களுக்கென்று தனியாக இன்னொரு நெட்வொர்க்; வெளியுலகத்தோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. "ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கிப் போய்ப் பார்க்க முடியலைப்பா. ரெண்டையும் இதிலேயே கொடுத்துடேன்" என்றார்.

இதென்ன பெரிய வேலை என்று இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகினேன். முகவரி 192.168.10.25, சப்நெட் மாஸ்க் (முகவரியில் எவ்வளவு பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று சொல்லும் எண்) 255.255.255.0. அடுத்த கட்டம் டீஃபால்ட் கேட்வே, அதாவது நெட்வொர்க்கை விட்டு வெளியே போகும் வாசல். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது, அந்தப் பக்கத்து ரவுட்டரின் முகவரி 192.168.10.1 என்று நிரப்பினேன். விண்டோஸ் ஓர் எச்சரிக்கை காட்டியது. நாலைந்து வரி இருக்கும். படிக்காமல் 'யெஸ்' அழுத்தினேன். இயந்திரத்துக்கு பிங் (இருக்கிறாயா என்று கேட்டுப் பார்க்கும் சோதனை) போனது. "முடிஞ்சுது சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அரை மணி நேரத்தில் போன்: "மெயில் வரலை."

கேபிளை மாற்றினேன், சுவரில் போர்ட்டை மாற்றினேன், டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். கடைசியில் சலித்துப்போய்ப் புதுக் கேபிளைப் பிடுங்கியதும் மெயில்கள் வந்து கொட்டின. செருகினால் நின்றன. அப்புறம்தான், எது எந்த வழியாகப் போகிறது என்று பட்டியல் காட்டும் 'ரூட் பிரிண்ட்' கட்டளையை அடித்துப் பார்த்தேன். 0.0.0.0 என்று தொடங்கும் வரி ஒன்றுக்கு இரண்டாக இருந்தது.

வழி தெரியாத எதையும் இங்கே அனுப்பு என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். தன் சப்நெட்டில், அதாவது தன் சொந்த நெட்வொர்க் துண்டில், இருப்பவர்களைக் கணினி நேரடியாகவே கண்டுபிடித்துக்கொள்ளும். அதற்கு கேட்வே தேவையே இல்லை. மற்றதெல்லாம் எந்த வாசல் வழியாகப் போவது என்பதில்தான் குழப்பம். வாசல் இரண்டு இருந்தால், மெட்ரிக் எண் (எந்த வழிக்கு முன்னுரிமை என்று சொல்லும் எண்) குறைந்தது ஜெயிக்கும். இரண்டு கார்டுக்கும் முகவரியைக் கையால்தான் கொடுத்திருந்தோம். மெட்ரிக்கை மட்டும் விண்டோஸ் வேகத்தைப் பார்த்துத் தானே போட்டுக்கொண்டது; வேகம் கூடினால் எண் குறையும். அலுவலகப் பக்கம் பழைய 100 எம்பி சுவிட்ச், நான் போட்டது கிகாபிட். மெயில் சர்வரைத் தேடிப் புறப்பட்டதெல்லாம், வெளியே போக வழியே இல்லாத ரவுட்டரிடம் போய் முட்டிக்கொண்டு நின்றது. தனித்தனி நெட்வொர்க்குகளில் ஆளுக்கொரு கேட்வே வைத்தால் சரிவராது என்றுதான் நான் படிக்காமல் மூடிய அந்த எச்சரிக்கையும் சொல்லியிருந்தது.

கேட்வேயை அழித்தேன். மெயில் வந்தது. ஆனால் ரவுட்டருக்கு அந்தப் பக்கம் 192.168.20 வரிசையில் இருந்த இரண்டு இயந்திரங்கள் காணாமல் போயின. சரி என்று, 192.168.20.0-க்குப் போக வேண்டுமானால் 192.168.10.1 வழியாகப் போ என்று 'ரூட் ஆட்' கட்டளையில் தனி வழி சொன்னேன். வழியை நிரந்தரமாக்கும் 'மைனஸ் பி'யைக் கட்டளையில் சேர்க்க மறந்ததால் மறுநாள் காலை கணினியை ஆன் செய்ததும் அந்த வழியும் மறைந்தது தனிக்கதை.

ஒரு வாரம் நிம்மதி. பிறகு எங்கள் சீனியர் அந்தப் பக்கம் வந்தார். மேசைக்குப் பின்னால் இரண்டு கேபிளைப் பார்த்துவிட்டு, "இதுல வர்ற மெயில்ல வைரஸ் இருந்தா அது எங்கெல்லாம் போகும்?" என்று கேட்டார். ஒரு கார்டில் வருவதை இன்னொரு கார்டுக்குக் கடத்திவிடும் ஐபி ஃபார்வர்டிங் அணைந்துதான் இருக்கிறது, இந்தப் பக்கத்து பாக்கெட் (தரவுத் துண்டு) அந்தப் பக்கம் தாண்டாது என்று பாடம் ஒப்பித்தேன்.

"பாக்கெட் தாண்ட வேண்டாம்ப்பா. கம்ப்யூட்டரே ரெண்டு பக்கமும் உட்கார்ந்திருக்கே."

என்னிடம் பதில் இல்லை. இயந்திரங்களை ஓட்டும் கணினிகளில் பல வருடங்களாக எந்த அப்டேட்டும் போட்டதில்லை. போட்டால் மென்பொருள் ஓடாது. அந்த நெட்வொர்க்கைத் தனியாக வைத்ததே அதனால்தான்.

மறுநாள் கார்டைக் கழற்றினேன். இப்போது மேலாளர் மேசையில் இரண்டு கணினி, ஒரு திரை, ஒரு கீபோர்டு, நடுவில் திரையையும் கீபோர்டையும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கேவிஎம் சுவிட்ச். "பட்டனை அமுக்கிக்கிட்டே இருக்கணுமாப்பா?" என்று அவருக்கு இன்னும் கொஞ்சம் வருத்தம்தான்.