பச்சைத் திரை

“அப்படியென்றால் நான் பார்த்தது தவறா, சார்?” என்று அந்த மாணவி கேட்டபோது, “ஆமாம்” என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருக்க வேண்டியதில்லை.

டச்சு ஓவியர் வெர்மீர் 1665 வாக்கில் தீட்டிய ‘முத்துக் காதணி அணிந்த பெண்’ ஓவியத்தைப் பற்றி, இருட்டில் நின்றவளை யாரோ பெயர் சொல்லி அழைக்க, அவள் திரும்புகிறாள், பதில் சொல்வதற்குள் இருட்டு மறுபடியும் அவளை எடுத்துக்கொள்ளும் என்று அந்த மாணவி தன் கட்டுரையில் எழுதியிருந்தாள். அது இருட்டே அல்ல என்று நான் திருத்தினேன். கறுப்பு அடிப்பூச்சின்மேல் அவுரி நீலமும் மஞ்சள் தாவரச் சாயமும் கலந்து மெல்லிதாகப் பூசிய பச்சைத் திரை அது. சாயம் மங்கியதால்தான் இன்று கறுப்பாகத் தெரிகிறது. மடிப்புகளோடு தொங்கிய அந்தத் திரையை ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹாயிஸ் அருங்காட்சியகத்தின் ஆய்வு உறுதிசெய்திருக்கிறது.

சொன்ன செய்தியில் பிழையில்லை. ஓவியனின் கை செய்ததிலிருந்துதான் உணர்வைப் படிக்க வேண்டும், காலம் செய்ததிலிருந்து அல்ல என்பதை ஆசிரியர் சொல்லித்தானே ஆக வேண்டும்? ஆனால் அவள் எழுதியதில் இருட்டு மட்டுமா இருந்தது? மூக்கின் விளிம்புக்குக் கோடே போடாமல் கன்னத்தோடு கரையவிட்டது, உதட்டோரத்தில் ஈரம்போல வைத்த சிறு புள்ளி, கொக்கியும் இல்லாமல் மேலே ஓர் ஒளித்தீற்றலும் கீழே கழுத்துப்பட்டையின் வெண்மையும் மட்டுமாக நிற்கும் முத்து – அவள் கண்ட ‘திரும்பும் கணம்’ இவற்றால்தான் உண்டாகிறது. அதை அவள் காரணம் அறியாமலே சரியாகப் பிடித்திருந்தாள். இருட்டைத் தள்ளும் அவசரத்தில் நான் அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். இத்தனைக்கும், மாணவனாக அந்த ஓவியத்தின்முன் என்னை நிறுத்தியதும் அதே கறுப்புதான்.

இன்னார் என்று அறியப்பட்ட பெண்ணின் உருவப்படமும் அல்ல அது. டச்சு ஓவியர்கள் ‘ட்ரோனி’ என்று அழைத்த முகபாவ ஓவிய வகை. ஓவியத்துப் பெண்ணின் மனநிலை இதுதான் என்று நான் யார் சார்பில் காவல் நின்றேன்?

மாணவி அந்தப் பத்தியை அடித்துவிட்டு, நிறமிகளின் பெயர்களை வரிசையாக எழுதிக் கொடுத்தாள். நல்ல மதிப்பெண்ணே போட்டேன்.

இந்த ஆண்டு ஓவியத்தைக் காட்டுவதற்கு முன்பே திரையைப் பற்றிச் சொல்லிவிட்டேன். கட்டுரைகளில் யாரும் இருட்டு என்று எழுதவில்லை; அவளை யாரோ அழைத்தார்கள் என்றும் எழுதவில்லை.